தீவுக்கு ஒரே வாசல், டாக்ஸிக்கு மூணரை லட்சம்

தீவுக்கு டூர் போகிறவர்கள் ஹோட்டல் தேடுவதற்குப் பத்து நாள் செலவழிப்பார்கள். எந்த அறையில் ஜன்னல் வழியே வயல் தெரியும், காலை டிஃபன் உண்டா இல்லையா என்று அலசித் தள்ளுவார்கள். ஏர்போர்ட்டிலிருந்து அந்த ஹோட்டலுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று கேட்டால் மட்டும், "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்பதுதான் பதில்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அப்போது பார்ப்பது யார் என்று யோசிக்க வேண்டும். இரண்டு விமானம் மாறி, தூக்கம் கெட்டு, இமிக்ரேஷன் வரிசையில் கால் கடுக்க நின்று, கையில் ஐந்து பெட்டியோடு நள்ளிரவில் வெளியே வருகிற ஓர் ஆசாமி. அந்த ஆசாமிக்கு அந்த ஊர் பாஷை தெரியாது, தூரம் தெரியாது, பணத்தின் மதிப்பு கூடச் சரியாகத் தெரியாது. உலகத்திலேயே பேரம் பேசத் தகுதியில்லாத மனிதர் என்று ஒருவருக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் :-)

பாலியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் இந்தத் தீவுக்கு 2024-இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தார்கள். பெரும்பாலும் எல்லோரும் நுழைந்தது ஒரே வாசல் வழியாக. தெற்கே கூட்டா கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் நுகுரா ராய் விமான நிலையம்தான் அது. 1946-இல் டச்சுப் படையோடு போரிட்டு இறந்த பாலி வீரரின் பெயர். தீவில் ரயில் கிடையாது. பெட்டி படுக்கையோடு ராத்திரியில் இறங்குகிறவர் பஸ்ஸை நம்பிப் போக முடியாது. ஆக, ஒரே வாசல். வாசலைத் தாண்டினால் கார்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. 2010-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான பீட்டர் டயமண்ட் 1971-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வருவது. கடைகள் எத்தனை இருந்தாலும் சரி, அடுத்த கடைக்குப் போய் விலை கேட்க வாங்குபவருக்குக் கொஞ்சம் சிரமம் இருந்தால் போதும், எல்லாக் கடைக்காரர்களும் ஏகபோகக்காரர் கேட்கிற விலையையே கேட்க முடியும் என்கிறது அது. பத்துப் பேர் விற்றால் போட்டியில் விலை குறையும் என்று பிளஸ் டூவில் படித்தது, ஏர்போர்ட் வாசலில் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். வாசலில் ஐம்பது டிரைவர்கள் நிற்கிறார்கள். ஆனால் இரண்டாவது டிரைவரிடம் போய்க் கேட்கிற தெம்பு யாருக்கு இருக்கிறது? முதலில் பெட்டியைத் தொட்டவர் சொன்னதுதான் விலை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2025 ஆகஸ்டில் கோவையிலிருந்து ஒரு குடும்பம் பாலிக்குப் போனது. அப்பா, அம்மா, கல்லூரியில் பி.காம் கடைசி வருஷம் படிக்கிற மகள், பள்ளிக்கூடம் படிக்கிற மகன். அப்பா முப்பது வருஷம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று கொட்டேஷன் வாங்காமல் அவர் வாழ்க்கையில் ஒரு போல்ட் நட்டு கூட வாங்கியதில்லை. கோவையில் ஏறி சிங்கப்பூரில் மாறி பாலி போவதாக டிக்கெட். இறங்கும் நேரம் இரவு 11 மணிக்கு மேல். தங்குமிடம் உபுட் என்கிற ஊரில் ஒரு ஹோம்ஸ்டே. ஏர்போர்ட்டிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர். பீளமேட்டிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் டிராஃபிக்கில் மாட்டினால் இரண்டு மணி நேரம் கூட ஆகும், ராத்திரியில் ஒரு மணி நேரம்.

ஹோம்ஸ்டே நடத்துகிற அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலையை மகள் படித்துக் காட்டினாள்.

"என்ன கண்ணு, டாக்ஸிக்கு மூணரை லட்சமா? நம்மூர்ல அந்தக் காசுக்கு ஒரு பழைய மாருதியே வாங்கி ஓட்டிக்கலாமே!"

"அது ரூபியாங்கப்பா. நம்ம காசுக்கு ஆயிரத்தி எண்ணூத்திச் சொச்சந்தான்."

ஒரு இந்திய ரூபாய்க்கு அப்போது சுமார் 190 ரூபியா. இந்தப் பூஜ்ஜியங்கள்தான் பாலி போகிற இந்தியரின் முதல் எதிரி. ஆளைப் பயமுறுத்துவதோடு நிற்பதில்லை, குழப்பவும் செய்யும். உள்ளூர்க்காரர்கள் பேசும்போது ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். 'முந்நூற்று ஐம்பது' என்றால் மூன்றரை லட்சம் என்று அர்த்தம். எழுதும்போது எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து 'கே' மட்டும் போடுவார்கள். பழகிவிட்டால் சுலபம். பழகுவதற்குள் ஊர் திரும்புகிற நாள் வந்துவிடும்!

பர்ச்சேஸ் ஆபீசர் விடுவாரா? மூன்று கொட்டேஷன் வந்தது. வெளிநாட்டு முன்பதிவுத் தளம் ஒன்றில் 4,90,000. ஹோம்ஸ்டே 3,50,000. கிராப் செயலியைப் பாலிக்கு வைத்துப் பார்த்தபோது பகல் நேரத்தில் 2,60,000. அதே செயலி ராத்திரி வேறு ஒரு தொகை காட்டியது, மறுநாள் இன்னொன்று. இது தவிர ஏர்போர்ட்டுக்குள்ளேயே டாக்ஸி கவுன்ட்டர் உண்டு. ஏரியா வாரியாகப் போர்டு போட்ட நிலையான கட்டணம், முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். விலை செயலியைவிடக் கூடுதல். ஆனால் பேரமும் இல்லை, பயமும் இல்லை. எந்த ஏற்பாடும் செய்யாமல் வந்து இறங்குகிறவர்களுக்கு அதுவே நல்ல வழி என்று தைரியமாகச் சொல்லலாம். வாசலில் கையைப் பிடித்து இழுப்பவரோடு போவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அப்பா சொன்னார்: "ரெண்டரைக்கு வருவாங்களான்னு கேளு கண்ணு. வந்தா மூணு பேருல இவங்கதான் கம்மி."

மகள் கேட்டாள். ஹோம்ஸ்டே அம்மா கோபப்படவில்லை. மூன்று லட்சத்துக்கு வேண்டுமானால் முடியும், ஆனால் விமானம் தாமதமானால் டிரைவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார், பார்க்கிங் தனி என்று பதில் வந்தது. மூன்றரைக்கு என்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார், பார்க்கிங் அதிலேயே அடக்கம்.

இந்தப் பதிலைப் படித்ததும்தான் மகளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இரண்டு விலையும் ஒரே பொருளின் விலை இல்லை. கார் ஓடுகிற 38 கிலோமீட்டர் மட்டும் பொருள் இல்லை. ராத்திரியில் ஒரு மனிதர் தூங்காமல் நிற்பதும் அந்தப் பொருளில் பாதி. செயலியில் காட்டுகிற விலையில் அந்தப் பாதி கிடையாது. அது நாம் கூப்பிடுகிற நேரத்தில் யாராவது பக்கத்தில் இருந்தால் வருகிற வண்டி.

அன்று ராத்திரி அவள் ஒரு காகிதத்தில் காஸ்ட் ஷீட் போட்டாள். மூன்று வருஷம் படித்த காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பருக்கு அதுதான் முதல் நிஜமான உபயோகம். போக வர 76 கிலோமீட்டர். டிரைவர் உபுட்டிலிருந்து காலியாக வருவார், ஆளை ஏற்றிக்கொண்டு திரும்புவார். 'ரிட்டர்ன் சும்மா வரணும் சார்' என்று நம்மூர் ஆட்டோக்காரர் சொல்வதைக் கேட்டு எரிச்சல்படாதவர் கிடையாது. ஆனால் கணக்கில் அது உண்மைதான். அங்கே மானிய பெட்ரோல் 2022 செப்டம்பரில் லிட்டர் 10,000 ரூபியா என்று நிர்ணயமானது. ஏழு பேர் உட்காரும் வண்டிக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோல் சுமார் 65,000. பார்க்கிங், சில்லறைச் செலவுக்கு 20,000. டிரைவரின் நேரம் போக ஒன்று, வர ஒன்று, காத்திருப்பு இரண்டு, ஆக நான்கு மணி நேரம். பாலி மாகாணத்தில் 2025-க்கான குறைந்தபட்ச மாத ஊதியம் 29,96,561 ரூபியா. இந்தோனேசியாவில் ஓவர்டைம் கணக்குப் போட மாதத்துக்கு 173 மணி நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி வகுத்தால் மணிக்கு 17,300 சொச்சம், நான்கு மணி நேரத்துக்கு 70,000. டயர், சர்வீஸ், கடன் தவணை எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஆயிரம் என்று குத்துமதிப்பாகப் போட்டால் 76,000. கூட்டினால் 2,31,000.

காகிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பேனாவால் டிக் அடித்தார். பழைய பழக்கம்.

"ரெண்டரை கேட்டது அசல் வெலைக்குப் பக்கத்துல வருது" என்றார்.

"ஆமாங்கப்பா. ஹோம்ஸ்டேக்காரங்க கமிஷன் எடுத்தா அதுவும் இருக்காது."

"வண்டி ஓடாத நாளுக்குச் சேத்தியா?"

"இல்லீங்கப்பா."

"அதையும் சேக்கோணும். மெஷின் நின்னாலும் ஷெட்டு வாடகை நிக்காது." சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி, மூணரையே சொல்லிரு."

ஆனால் விலை முடிந்ததோடு ஏற்பாடு முடிந்துவிடுவதில்லை. சண்டை வருவதெல்லாம் பெரும்பாலும் விலையால் இல்லை, விலைக்குள் என்ன அடங்கும் என்று பேசாமல் விட்டதால்தான். மகள் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்கினாள். விலை வண்டிக்கா, ஆளுக்கா? (ஆளுக்கு என்று கடைசியில் நான்கால் பெருக்கிய கதைகள் உண்டு.) ரூபியாவா, டாலரா? நான்கு பேர், ஐந்து பெட்டி ஏறுமா? பிறகு விமான எண். நேரத்தை மட்டும் சொன்னால் தாமதம் அவர்களுக்குத் தெரியாது, எண்ணைச் சொன்னால் டிரைவரே பார்த்துக்கொள்வார். பாலி நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். டிக்கெட்டில் இறங்கும் நேரமாகப் போட்டிருப்பது பாலி நேரம்தான், அதை மறுபடி கூட்டிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நள்ளிரவுக்கு மேல் இறங்குகிற விமானம் என்றால் இன்னொரு வம்பு. 15-ஆம் தேதி 00.30 என்றால் 14-ஆம் தேதி ராத்திரி. ஒரு நாள் தள்ளி டிரைவர் வந்து நின்றால் யாரைக் குறை சொல்வது?

தேதி என்றதும் இன்னொன்று. பாலி இந்துக்களின் புத்தாண்டு ஞெப்பி. மௌன நாள். சக வருஷக் கணக்கு என்பதால் சில வருஷங்களில் நம்மூர் யுகாதியை ஒட்டியே வரும். 2026-இல் மார்ச் 19. அன்று 24 மணி நேரம் தீவில் வண்டி ஓடாது, விளக்கு எரியாது, விமான நிலையமே மூடியிருக்கும். என்ன காசு கொடுத்தாலும் டாக்ஸி கிடைக்காத நாள் அது ஒன்றுதான். மார்ச், ஏப்ரலில் டிக்கெட் போடுகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஹோம்ஸ்டே அம்மா எழுதினார்: டிரைவர் பெயர் வயான்.

அப்பாவுக்குத் திருப்தி. "பேரு தெரிஞ்சாச்சில்ல, போதும்." மகள் விடவில்லை, வண்டி எண்ணும் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று பாலிப் பெயர்களைப் பற்றித் தெரிந்தால்தான் புரியும். பாலியில் பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பார்கள். முதல் குழந்தை வயான், இரண்டாவது மாடே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுட். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயானிலிருந்து ஆரம்பம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பெயர்கள்தான். புத்து, காடெக், கோமாங் என்று சில மாற்றுகளும் உண்டு. அதாவது வாசலில் நூறு டிரைவர்கள் நின்றால் அதில் இருபது பேராவது வயான். 'வயான்' என்று உரக்கக் கூப்பிடுவது நம்மூர் பஸ் ஸ்டாண்டில் 'தம்பி' என்று கூப்பிடுகிற மாதிரி.

நடந்தது அதேதான். சிங்கப்பூரில் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். இறங்கி, விசா, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி ஒன்றரை. (விசா ஆன் அரைவல் ஐந்து லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரி ஒன்றரை லட்சம், இரண்டையும் ஆன்லைனிலேயே கட்டிவிடலாம். கட்டியிருந்ததால் அரை மணி நேரம் மிச்சமாயிற்று.) வாசலில் பெயர்ப் பலகைகளின் காடு. கோவைக் குடும்பத்தின் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

ஒருவர் வந்து எங்கே போக வேண்டும் என்றார். அப்பா, "உபுட், வயான்" என்றார். "யெஸ் யெஸ், வயான்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு அந்த ஆள் தள்ளுவண்டியைப் பிடித்துவிட்டார். அவர் பொய் சொன்னாரா? அவர் பெயர் நிஜமாகவே வயானாக இருந்திருக்கலாம். அதுதான் வேடிக்கை. அம்மாவும் பையனும் அவர் பின்னால் பத்தடி நடந்தாயிற்று.

"அப்பா, நில்லுங்க. வண்டி நம்பர் கேளுங்க."

கேட்டதும் அவர் நம்பரைச் சொல்லவில்லை, "செவன் ஹன்ட்ரட், குட் பிரைஸ்" என்றார். ஏழு லட்சம். சரியாக இரண்டு மடங்கு. அப்பா தள்ளுவண்டியைத் திருப்பினார். அந்த ஆள் சண்டை போடவில்லை, தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனார். அந்த அடுத்த குடும்பம் என்ன ஆனதோ!

மகள் அனுப்பிய செய்திக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. நிஜ வயான் பார்க்கிங்கில் காரிலேயே கண்ணயர்ந்துவிட்டார். பத்தே முக்காலுக்கே வந்தவர். ஓடி வந்தார், கையில் பலகையில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து மாறி இருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் யாரும் இல்லை. பாலி வண்டி எண்கள் 'டி.கே.' என்ற எழுத்துகளில் ஆரம்பிக்கும். மகள் போனில் இருந்ததையும் வண்டியில் இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டி ஏறியது.

டாஷ்போர்டில் தென்னங்குருத்தில் மடித்த சிறு தட்டு, அதில் பூ, ஊதுபத்தி. அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. 210 நாளுக்கு ஒருமுறை தும்பெக் லண்டெப் என்று உலோகத்துக்கான பூஜை நாள் வரும், அன்று காருக்கும் பைக்குக்கும் படையல் வைப்போம் என்று வயான் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். "நம்ம ஆயுத பூஜைதாங்க" என்றார் அம்மா, அப்பாவிடம்.

வழியில் அப்பா கணக்குக் கேட்க ஆரம்பித்தார். காருக்குத் தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை வருஷம்? மகள் மொழிபெயர்த்தாள். வயானுக்கு இது இரண்டாவது கார். முதல் காரை 2020-இல் விற்றுவிட்டார். அந்த வருஷம் ஏப்ரலில் தீவு வெளிநாட்டவருக்கு மூடப்பட்டது. 2021 அக்டோபரில்தான் மறுபடி திறந்தது. 2021 முழுவதற்கும் பாலிக்கு வந்ததாக அரசுக் கணக்கில் பதிவான வெளிநாட்டுப் பயணிகள் 51 பேர். ஆயிரமோ லட்சமோ இல்லை, வெறும் ஐம்பத்தொன்று. 2019-இல் 60 லட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை அது. வயான் கிராமத்துக்குப் போய் அண்ணனின் வயலில் வேலை பார்த்திருக்கிறார். 'வண்டி ஓடாத நாளுக்குச் சேத்தியா' என்று அப்பா கோவையில் கேட்ட கேள்வி, இவ்வளவு பெரிய பதிலோடு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் வந்தார்.

இறங்கும்போது மகள் ஏற்கெனவே கவரில் தனியாக எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்தாள். மூன்று சிவப்பு நோட்டு, ஒரு நீலம். லட்ச ரூபியா நோட்டு சிவப்பு, ஐம்பதாயிரம் நீலம், பத்தாயிரம் ஊதா. இருட்டில், தூக்கக் கலக்கத்தில் பூஜ்ஜியம் எண்ணுவதைவிட நிறத்தை நினைவில் வைப்பது உத்தமம். காத்திருந்ததற்காக வயான் கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, அது விலையிலேயே இருந்தது.

இதுவரை எல்லாம் சுபம். சிக்கல் திரும்புகிற பயணத்தில்தான் வந்தது.

வயான் ஏர்போர்ட்டுக்குத் திரும்ப மூன்று லட்சம் கேட்டார். காத்திருப்பு கிடையாது, பார்க்கிங் கிடையாது, அதனால் ஐம்பது குறைச்சல். நியாயம். ஆனால் முந்தின நாள் மாலை அப்பா செயலியைத் திறந்து பார்த்தார். உபுட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு 2,20,000. எண்பதாயிரம் வித்தியாசம். பர்ச்சேஸ் ஆபீசர் மறுபடி விழித்துக்கொண்டார்.

ஹோம்ஸ்டே இருந்த சந்தின் முனையில் ஒரு பலகை இருந்தது. செயலி டாக்ஸிகள் இங்கே ஆளை ஏற்றக் கூடாது, உள்ளூர் வண்டி மட்டும். உபுட், சங்கு போன்ற ஊர்களில் இப்படிப் பலகைகள் சகஜம். இறக்கிவிட்டுப் போகலாம், ஏற்றக் கூடாது. இதற்குப் பின்னால் இருப்பது பன்ஜார். பாலியில் ஒவ்வொரு ஊர்ப் பகுதிக்கும் ஒரு பன்ஜார் உண்டு. கோயில் விழா, சாவு, கல்யாணம், ஊர்க் காவல் எல்லாவற்றையும் அந்தக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும். வெளியூரில் வேலை செய்தாலும் விழாவுக்கு வந்து உழைக்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சந்தில் வந்து இறங்குகிற பயணி எங்கள் ஊர் வண்டியில்தான் போக வேண்டும் என்று அவர்கள் நினைப்பது அந்தக் கட்டமைப்பிலிருந்து வருவது. 2025 ஜனவரியில் டென்பசாரில் டிரைவர்கள் திரண்டு, செயலி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும், ஓட்டுநர் பாலி அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், வண்டிக்கு டி.கே. எண் வேண்டும் என்று கோரிக்கை வைத்தார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? பலகை வைத்தவரைச் சுலபமாக 'டாக்ஸி மாஃபியா' என்று திட்டிவிடலாம், பல பயணிகள் திட்டுகிறார்கள். அந்தப் பலகை போட்டியைத் தடுக்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. ஒரே ஒரு வண்டிதான் உண்டு என்கிற சந்தில் ஐந்து லட்சம் கேட்கிறவரும் இருக்கத்தான் செய்வார். செயலியில் ஓட்டுகிறவரும் பணக்காரர் இல்லை. ஜாவாவிலிருந்து பிழைக்க வந்தவராக இருப்பார், அல்லது பக்கத்து ஊர் பாலிக்காரராகவே இருப்பார். அவருக்கும் தவணை உண்டு. அதனால் பலகையை முழுசாக ஆதரிக்க முடியாது. ஆனால் மகளின் காஸ்ட் ஷீட் ஒரு விஷயத்தைக் காட்டியது. காத்திருப்பைக் கழித்துவிட்டால் இந்தப் பயணத்தின் அடக்க விலை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2,20,000-இல் கமிஷன் போக டிரைவர் கையில் மிஞ்சுவது அந்த அடக்கத்தையே தொடுமா என்பது கேள்வி. திரும்பும்போது ஏர்போர்ட்டில் சவாரி கிடைத்தால் தப்பிப்பார். கிடைக்காவிட்டால் பெட்ரோலுக்கு ஓட்டிய கணக்கு. அந்த விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் திறமை மட்டும் இல்லை, நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதும் சேர்ந்ததுதான்.

அப்பாவுக்கு அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை. அவர் யோசனை எளிமையானது. காலையில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டால் பலகை என்ன செய்யும்?

"ஏனுங்க, அஞ்சு பொட்டிய அந்த மேட்டுல உருட்டீட்டுப் போறதா? எம்பதாயிரம்னா நம்ம காசுக்கு எவ்வளவு கண்ணு?"

"நானூத்தி இருவது ரூவாங்கம்மா."

"நானூத்தி இருவது ரூவாய்க்கு முட்டி வலிக்கு மாத்திரையே வாங்க முடியாது" என்றார் அம்மா.

மகள் வேறொன்று சொன்னாள். "அப்பா, அன்னைக்கு ஒன்னரை மணிக்கு நமக்காக நின்னாரு. இன்னைக்கு எம்பதாயிரம் கம்மின்னு விட்டா, அடுத்த வாட்டி யாருக்கும் அவர் நிக்க மாட்டாருங்கப்பா."

அப்பா இதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. காலையில் வயான் வந்ததும், மூன்று லட்சம் சரி, ஆனால் போகிற வழியில் மனைவிக்கு ஒரு கோயிலைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று பேரம் பேசினார். விமானம் பகல் ஒரு மணிக்குத்தான், நேரம் இருந்தது. வயான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பத்து நிமிட வழி விலகல், அரை மணி நேர நிறுத்தம். விலையைக் குறைக்காமல் பொருளைக் கூட்டி வாங்குவது பர்ச்சேஸ் பிரிவின் பழைய தந்திரமாம் :-)

கோவை திரும்பிய பிறகு அப்பாவின் காலை நடைப்பயிற்சி நண்பர்களில் ஒருவர் டிசம்பரில் பாலி போவதாகச் சொன்னார். அப்பா வயானின் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். விலை, வண்டிக்கு எத்தனை பெட்டி, நோட்டு நிறம் எல்லாம் சேர்த்து. 'பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க, வண்டி நம்பரைப் பாருங்க' என்று தனியாக ஒரு வரி. அடுத்த நிமிடமே நண்பர் கேட்டார்: "மூணரைன்னா சொல்றாங்க? எவ்வளவுக்குக் கொறைக்கலாம்?"

அப்பா சட்டைப்பைக் காகிதத்தைத் தேடி எடுத்தார். துணி துவைக்கும்போது ஒருமுறை நனைந்து காய்ந்திருந்தது, ஆனால் எண்கள் தெரிந்தன. தான் டிக் அடித்திருந்த அந்தக் காஸ்ட் ஷீட்டைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனார்.